மீதி இரண்டு

அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்தே வெர்லின் ஸ்ட்ரௌடுக்குப் பயமாக இருந்தது. அமெரிக்காவின் மிசூரி மலைப்பக்கத்தில், நடை பழகும் முன்பே வேட்டைச் சத்தம் கேட்டு வளர்ந்த மனிதர் இதை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். அதனால் சொல்லவில்லை.

இருபது வருடமாக அவர் போட்டிகளில் சுடுவது ஆறு குண்டு ரிவால்வரால்தான். ஓடிக்கொண்டே அட்டை மனிதர்களைச் சுட வேண்டும். ஆறு தீர்ந்ததும் கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த ஆறைத் திணிக்க வேண்டும். இப்போது விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. போன போட்டியில் குண்டுகள் கை நழுவிச் சேற்றில் விழுந்தன. அவர் குனிந்து பொறுக்கும் வரை எல்லோரும் மரியாதையாக நின்றார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

சிநேகிதர் டெல்மர் தன்னுடைய எட்டு குண்டு ரிவால்வரை எடுத்து நீட்டினார். "இதுல அடிக்கடி குண்டு திணிக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய் சுட்டுப் பாரு மாப்ளே. புடிச்சா வச்சுக்க. புடிக்கலன்னா உன் பழைய ஆறையே கட்டிக்கிட்டு அழு."

டெல்மர் அதன் ஸ்பிரிங்கை மாற்றி, விசையைத் தேய்த்துத் தேய்த்துத் தொட்டாச்சிணுங்கி ஆக்கி வைத்திருந்தார். வேகத்துக்கு நல்லது என்பார். பழைய துப்பாக்கி வெடிக்க, வெர்லின் மனது வைத்து அழுத்த வேண்டும். இதுவோ மனதைக் கேட்காமலே வெடித்துவிடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், வீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய ஜல்லிக் குழிக்கு மனைவி ட்வைலாவோடு போனார். இருபது வருடமாக அங்கே வேலைப் பங்கீடு ஒன்றுதான். அவர் சுடுவார், அவள் காதுமூடியை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்பாள். ஆறாவது வெடி கேட்டதும் ஒட்டுத்தாள் சுருளோடு விறுவிறுவென்று போய் அட்டையின் ஓட்டைகளை மூடிவிட்டு வருவாள். போட்டியில் இப்படி நடந்தால் நடுவர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டாமல் ஒருவரும் முன்னால் போகக் கூடாது. ஆனால் சொந்தக் குழியில் சட்டம் பேச யார் இருக்கிறார்கள்?

இன்றைக்கு எட்டு என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னார். தனக்கும் எண்ணத் தெரியும் என்றாள். முதல் மூன்று சுற்றும் எட்டு வரை காத்திருந்துதான் போனாள். நான்காவது சுற்றுக்கு முன்னால் பேச்சு தங்கையின் மகள் கல்யாணத்துக்குத் தாவியது. பேசிக்கொண்டே காதுமூடியை மாட்டினாள்.

அவர் ஆறு சுட்டார். சுட்டதும் அவர் கை, யாரையும் கேட்காமல், தானாகத் தாழ்ந்தது. இருபது வருடப் பழக்கம். அட, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று நினைவு வந்து மறுபடி உயர்த்தி விசையை இழுத்தார். விசை பாதி தூரம் போயிருக்கும். குறிமுனைக்கு நேரே ஒரு நீலச் சட்டை வந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கை தாழ்ந்ததைப் பார்த்து அவள் கால் நடந்துவிட்டது.

குழாயைத் தரைப்பக்கம் தள்ளினார். விரல் மட்டும் அசையவில்லை. முன்னால் ஒரு மயிரிழை போனால் வெடிக்கும். பின்னால் விட்டால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. கூப்பிட்டிருந்தாலும் காதுமூடிக்குள் எட்டியிருக்காது. அவளோ சாவகாசமாக ஒவ்வொரு ஓட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்தபடி, வீங்கிய விரலைத் துளித்துளியாகப் பின்னுக்கு விட்டார். குண்டை அடிக்கப் பாதி எழும்பியிருந்த சுத்தி மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது. உருளையைத் திறந்து, எட்டுக் குண்டுகளையும் ஒன்றாகக் கோத்துப் போடும் வளையத்தை உள்ளங்கையில் தட்டினார்.

ட்வைலா காதுமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தாள். "ஓட்டை ஆறுதான் இருக்கு. மிச்சம் ரெண்டு எங்க போச்சு? கையோட சேத்து கண்ணும் போச்சா உனக்கு?"

அவர் உள்ளங்கையை விரித்தார். வளையத்தில் ஆறு வெற்றுக் கூடுகள், வெடிக்காத இரண்டு குண்டுகள்.

அவள் குண்டுகளைப் பார்த்தாள். திரும்பி, தான் நடந்து போன வழியைப் பார்த்தாள். பிறகு ஜல்லியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நடக்கும்போது நீ எங்க குறி வச்சிருந்த?"

"உன் முதுகுல."

அன்று மாலை அவர் சோளரொட்டியைத் தொடவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பயம் போகவில்லை. கண்ணை மூடினால் நீலச் சட்டை. எல்லாத் துப்பாக்கியையும் விற்றுவிடுகிறேன், இனிப் போட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார்.

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ட்வைலா திரும்பாமலே சொன்னாள். "இதோட விட்டுட்டேன்னா, நீ கடைசியா குறி பாத்தது என் முதுகாத்தான் இருக்கும். அது எனக்கு வேணாம். போய்ச் சுடு. எட்டு மட்டும் வேணாம். நானும் இனிமே எண்ண மாட்டேன். நீ தொறந்து காட்டு, அப்பத்தான் என் கால் நகரும்."

மறுநாள் டெல்மரிடம் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்குக் கைக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னார். கிழவனுக்குப் பயம் வந்துவிட்டது என்று டெல்மர் கிண்டல் செய்தார். வெர்லின் மறுக்கவில்லை.

அடுத்த போட்டியில் பழைய ஆறோடுதான் நின்றார். நடுவர் மணியடித்ததும் ஆறு சுட்டார், உருளையைத் திறந்தார், கூடுகளைத் தட்டினார். அடுத்த ஆறைத் திணிக்க வேண்டிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. குழாயை அட்டைகளின் பக்கமே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பினார். பின்னால், கயிற்றுக்கு அப்பால், மடக்கு நாற்காலியில் நீலச் சட்டை. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். முன்னால் இல்லை, பின்னால்தான் இருக்கிறாள் என்று பார்த்த பிறகுதான் குண்டுகள் உள்ளே போயின.

நேரம் ஓடியது. பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. ஆனாலும் ஒவ்வொரு ஆறுக்கும் அவர் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.