மை போடாத பெயர்

ரப்பரை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு, "காணோம்பா" என்றாள் மகள்.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் நம்பவில்லை. நாற்பது வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவர். பக்கத்து மேசையில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"மேல் டிராயர்ல... பிளேடு பக்கத்துல. நல்லாப் பாரும்மா." மூச்சு இழுத்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு அந்த மூச்சைத் தெரியும். இன்றைக்குத் தாண்டாது.

"பிளேடு இருக்கு. பேனா, மை இருக்கு. ரப்பர்தான் இல்லை."

சாகப்போகிற மனிதரிடம் பொய்! ஆனால் பயம் விட்டால்தானே?

அவர் மடிப்பலகையில் டிரேசிங் தாள் விரிந்திருந்தது. வேதாகமத்தில் வரும் வம்சங்கள் அத்தனையும் அதில் இருந்தன. நோவா, அவருடைய மூன்று பிள்ளைகள், அவர்களிடமிருந்து கிளைகிளையாகப் பிரிந்த ஜனங்கள், கடைசியில் அவருடைய சொந்தக் குடும்பம். முப்பது வருஷ உழைப்பு. ஆதாரம் இல்லாதவர்களுக்குப் பென்சில், ஆதாரம் கிடைத்தால் மை. அதுதான் அவர் சட்டம். "ஏத்தியர்னு ஒரு ஜனமே கிடையாதுன்னு சிரிச்சவங்க உண்டு. மண்ணைத் தோண்டினா கோட்டையே இருந்துச்சு. விடுவேனா? போட்டேன்ல மை!" என்று குதிப்பார். கிர்காசியர் மட்டும் இன்றுவரை பென்சில்தான். பேரைத் தவிர ஒரு துப்பும் இல்லை, பாவம்.

அவளும் பென்சில். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ விட்டுப்போன குழந்தையைத் தூக்கிவந்து வளர்த்தவர், தன் பெயரிலிருந்து அவள் பெயருக்குப் புள்ளிக்கோடுதான் இழுத்திருந்தார். அண்ணன் அவளைக் "கிர்காசி" என்று கூப்பிடுவான். அது வேடிக்கைக்கு. அத்தைக்கு வேடிக்கை வராது. "நாம நோவா வம்சத்து ஓப்பீர் வழி. இவ எந்த வழியோ" என்பாள். வீட்டில் யார் இறந்தாலும் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தாளை விரித்து, வீட்டில் மூத்தவர் ஒருவர் அதிலுள்ள பெயர்களை உரக்க வாசிப்பது வழக்கம். மையில் இருப்பவை மட்டும். அம்மா போனபோது அத்தை அண்ணன் பெயரோடு நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். அப்போது பதினேழு வயதான அவள், தனக்கு அழ உரிமை உண்டா என்றே தெரியாமல் நின்றாள்.

இப்போது ரப்பர் கேட்கிறார்.

"எதைப்பா அழிக்கணும்?"

"ஒரு தப்பு... இத்தனை வருஷமா விட்டுட்டேன். நீ வெளிய இரு. என் கை நடுங்கறதைப் பார்க்காதே."

நடையில் வந்து சுவரோடு சுவராக உட்கார்ந்தாள். உள்ளே சர்... சர்... என்று பிளேடு சுரண்டியது. ரப்பர் கிடைக்காவிட்டால் என்ன, அதற்குப் பிளேடு போதாதா! ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடலாமா? பிடித்து என்ன கேட்பது? நான் யார் என்றா?

சுரண்டுவது நின்றது. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு டிராயர் இழுபட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

அவள் உள்ளே போனபோது அவர் தலை தொங்கியிருந்தது. ஒரு கை டிராயருக்குள் துழாவியபடியே நின்றுபோயிருந்தது. "அப்பா!" என்ற குரல் தெருவரை கேட்டிருக்கும். தாளை மட்டும் அவள் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்து அலமாரி மேல் வைத்தாள்.

மறுநாள் காலை பெட்டிக்குப் பக்கத்தில் அண்ணன் தாளை விரித்தான். ரப்பரை இன்னும் கைக்குள் பொத்தியபடி அவள் கதவோரம் நின்றாள், ஓடுவதற்குத் தோதாக. அத்தை கண்ணாடியை மாட்டினாள்.

"சேம். அர்பக்சாத். சாலா. ஏபேர். யொக்தான். ஓப்பீர்..."

குரல் நின்றது.

"இவன் என்னடா பண்ணி வெச்சிருக்கான்!"

ஓப்பீரிலிருந்து குடும்பத்துக்கு இறங்கிய தடித்த மைக்கோட்டைக் காணோம். சுரண்டிய தாள் சொரசொரத்துக் கிடந்தது. அங்கே, ஆதாரம் இல்லாதவர்களுக்குப் போடுவது போல, பென்சிலில் நாலைந்து புள்ளிகள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அத்தை அதைத் தாண்டி வாசித்தாள். பூட்டன் பெயர், தாத்தா பெயர், அப்பா பெயர், அண்ணன் பெயர். விரல் அதோடு நிற்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

"இதுல மை இருக்கு. கூடவே பென்சிலும் இருக்கே. இதை எதுலடா சேர்க்கிறது?"

"மை போட்டதும் அடியில இருக்கற பென்சிலை ரப்பரால எடுத்துடுவார் அத்தை. எப்பவும் அப்படித்தான். இதை ஏன் விட்டார்னு தெரியலை" என்றான் அண்ணன்.

ஐயோ! அவள் நூறு தடவை பார்த்த வேலை. பயத்தில் மறந்தே போனாளே.

கால்கள் எப்படியோ அவளைப் பெட்டிவரை கொண்டுவந்தன. அவர் வலது கட்டைவிரலில் மைக்கறை போகாமல் இருந்தது. தாளில் அவர் பெயரிலிருந்து அவள் பெயருக்கு, கோணல்மாணலாக, ஓரிடத்தில் திட்டாகத் தேங்கி, ஒரு கோடு இறங்கியிருந்தது. அதன் இரண்டு பக்கமும் பழைய புள்ளிகள் எட்டிப் பார்த்தன.

"உன் கையில என்னடி?" என்றாள் அத்தை.

அவள் விரல்களைப் பிரித்தாள். மை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு ரப்பரை வைத்து, கோட்டில் படாமல், ஒவ்வொரு புள்ளியாக அழிக்கத் தொடங்கினாள். கிர்காசியரைப் பென்சிலிலேயே விட்டுவிட்டாள். துகளை அப்பா ஊதுவது போலவே வாயைக் குவித்து ஊதினாள். அது பறந்து அவர் சட்டைமேல் விழுந்தது.

அத்தை கண்ணாடியைக் கழற்றாமல் காத்திருந்தாள்.