கண்ணாடித் தகட்டின் மறுபக்கம்

முப்பத்தோரு வருஷம் துறைமுகச் சுவருக்குக் கல் சுமந்தவன் நான். எழுத்து கற்றது ஐம்பதுக்குப் பிறகு, எங்கள் நூலகத்து இஷ்பெல் ஸ்லேட்டரிடம். பழைய படங்களுக்குக் கீழே அவள் எழுதி வைக்கும் வரிகள்தான் என் பாடப்புத்தகம். எங்கள் கடலோர ஊர் போர்ட் எட்ரியில் எந்தப் பரணில் எந்தப் படம் கிடக்கிறது என்பது அவளுக்கு அத்துபடி.

ஒரு வருஷம் ரொட்டிக்கடைப் பரணிலிருந்து அந்தக் காலத்துப் புகைப்படக் கண்ணாடித் தகடு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. மூன்று பெண்கள். இருவர் ஹெர்ரிங் மீனைக் குடல் நீக்குகிறார்கள், ஒருத்தி பீப்பாய்க்குள் குனிந்து அடுக்குகிறாள். சுற்றியிருந்த தாளில் 'எல்ஸ்பெத் குழு' என்று இருந்தது.

எல்ஸ்பெத், என் சிநேகிதன் ஆர்ச்சியின் அம்மா. அவனுக்கு மூன்று வயதில் மீன் கூட்டம் போகிற வழியே தெற்கே யார்மத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் படம் ஒன்றுகூட அவனிடம் இல்லை. ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவள் இடது கையால் கத்தி பிடிப்பாள்.

படத்திலும் ஒருத்தி இடது கையில்தான் பிடித்திருந்தாள். மெல்லிய கழுத்து, நல்ல சிரிப்பு. பின்னணி தெரியாமல் அந்த இருவரை மட்டும் இடுப்புக்கு மேலே வெட்டி இஷ்பெல் கொடுத்த சின்னப் பிரதியை ஆர்ச்சி கணப்புக்கு மேலே வைத்து, மூன்று வாரமாக அதற்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பக்கத்துல நிக்கிறவளப் பாரு டேவி, புளிச்ச காடி குடிச்ச மூஞ்சி. இவகூட எங்கம்மா எப்படித்தான் காலந்தள்ளுனாளோ."

இஷ்பெல் வைக்கவிருந்த பழைய படக் கண்காட்சிக்கு முந்தின நாள் தேவாலயக் கூடத்துக்குப் பலகை தூக்கப் போனேன். படம் கதவளவுக்குப் பெரிதாக நின்றது. பெண்களுக்குப் பின்னால் துறைமுகப் படிக்கட்டு. பார்த்ததும் என் தோள் என்னவோ சொன்னது.

"இஷ்பெல், இந்தப் படி தப்பா ஏறுது."

"பெரும்புயல்ல இடிஞ்சு திரும்பக் கட்டுறதுக்கு முன்னாடி அப்படி இருந்திருக்கும்னு நினைச்சேன். கீழ எழுதியும் வச்சிட்டேன்."

"அடிக்கல்லு புயலுக்கு முந்தினது. அதுமேலதான் நான் அடுக்கினேன். ஏறுறப்ப சுவர் வலது தோளை உரசும். என் சட்டையெல்லாம் அங்கதான் கிழிஞ்சிருக்கும். இதுல இடது பக்கம் இருக்கு."

அவள் வாதாடவில்லை. தகட்டைத் துணியிலிருந்து எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தகட்டை மறுபக்கம் வச்சு அச்சு எடுத்துட்டேன். இடது வலதா மாறிடுச்சு."

படி மாறினால் கையும் மாறும். இரண்டு பேருக்கும் அது ஒன்றாகத்தான் உறைத்தது. அப்படியானால் எல்ஸ்பெத் மற்றவள், அந்தக் காடி மூஞ்சிக்காரி.

"ஆர்ச்சிக்கு எழுபத்தஞ்சு வயசு," என்றேன். "மூணு வாரமாத்தான் அவனுக்கு அம்மான்னு ஒருத்தி இருக்கா. விட்டுடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"வேற யாரோட அம்மாவையோ அவருக்குக் குடுத்துட்டேன் டேவி. அத நான்தான் திருப்பி வாங்கணும்."

அன்று மாலையே சரியாக அச்செடுத்து, தானே நடந்து போய் ஆர்ச்சியின் கதவைத் தட்டினாள். நானும் கூடப் போனேன். அவள் நடை ஒரே சீராக இருந்தது.

"தப்பு என்னோடது ஆர்ச்சிண்ணே," என்று தொடங்கி முழுவதும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

அடுப்பில் கெட்டில் கொதித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஆர்ச்சி புதுப் படத்தை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தான். கத்தி வெட்டாமலிருக்கத் துணி சுற்றிய விரல்கள், இடது கையில் கத்தி, சுருங்கிய கண்கள். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். அதுவும் அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"காடி குடிச்ச மூஞ்சின்னேன்ல?"

"சொன்னே. தினமும் சொன்னே," என்றேன்.

அவன் கணப்பின் மேலிருந்த பழைய பிரதியை எடுத்து இஷ்பெல்லிடம் நீட்டினான். "இவளுக்கும் எங்கயாவது ஒரு பிள்ளை இருப்பான். தேடிப் பாரும்மா." அவள் அப்போதே தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் படத்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் புது வரி இருந்தது: 'முதலில் இதை இடம் வலம் மாற்றி அச்செடுத்தது என் பிழை. இ. ஸ்லேட்டர்.' ஊரே பார்க்க இப்படி எழுதிவைக்கிற மனுஷியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆர்ச்சி நாள் முழுக்க அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. வந்தவர்கள் எல்லாரிடமும் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "படம் புடிச்சவன் எதிர்வெயில்ல நிக்க வச்சிட்டான். அதான் அம்மா முகத்தச் சுளிக்கிறா."