டேப் சுற்றிய வளையல்கள்

ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்ததும் ஜோதி நேராக வளையல் கடைக்குப் போனாள். பச்சையிலும் சிவப்பிலும் கண்ணாடி வளையல்கள் வாங்கினாள். பின்னால் வந்த சண்முகப்ரியா பதறிவிட்டாள்.

"இன்னாக்கா இது? யாருக்கு?"

"உனக்குத்தான். அஞ்சாவது மாசம் வெறுங்கையோடவா இருப்ப?"

இருவரும் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஒரே லைனில் நின்று வேலை செய்பவர்கள். ப்ரியா இன்னும் கான்ட்ராக்ட்தான். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆர்டர் வரும் என்று சூப்பர்வைசர் தேவராஜனே சொல்லியிருந்தார். வந்துவிட்டால் பிரசவ லீவும் உண்டு, லீவுக்குச் சம்பளமும் உண்டு. அதற்குள் கர்ப்பம் வெளியே தெரிந்தால் ஆர்டர் வராது. அங்கே யாரும் எழுதி வைக்காத, எல்லோருக்கும் தெரிந்த விதி அது. ஆர்டர் வராவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். "பொம்பள சம்பாதிச்சு கிழிச்சது போதும்" என்று மாமியார் அலமு கல்யாணமான நாளிலிருந்து ஒரு சாக்குக்காகக் காத்திருந்தாள்.

கம்பெனி கொடுத்த தொளதொளத்த நீலக் கோட்டு இதுவரை வயிற்றை மறைத்தது. கம்பெனியில் விஷயம் தெரிந்தவள் ஜோதி மட்டும். வாந்தியெடுத்தபோது முதுகைத் தடவிக்கொடுத்தவள்.

"ஆர்டர் வரட்டும்க்கா. அப்பால ஊரையே கூப்ட்டுப் போட்டுக்கலாம்."

"அப்போ ஊரு போடும். என்னை யாரு போட வுடுவாங்க?" ஜோதி வளையல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கல்யாணமாகி இத்தினி வருசத்துல எல்லா வளைகாப்புக்கும் போயிட்டேன். எனக்கும் புள்ள பொறக்கட்டும்னு என் கையில ரெண்டு மாட்டி அனுப்புவாங்க. ஒருத்தி கூட அவ கையை எங்கிட்ட நீட்டுனதில்ல, ப்ரியா."

ப்ரியா ஒருமுறை கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

போட்ட வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று ஜோதி சொன்னாள். திங்கட்கிழமை ப்ரியா வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, சத்தம் வராமலிருக்க, ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டாள். மேலே கோட்டு.

கேட்டில் பெண்களைச் சோதிக்கும் செக்யூரிட்டி முனியம்மாளின் கை, அவள் முழங்கையருகே நின்றது.

"இன்னாம்மா இது, கையில?"

முனியம்மாளே கோட்டுக் கையை மேலே தள்ளினாள். டேப்புக்கு இடையே பச்சையும் சிவப்பும் தெரிந்தன. முனியம்மாளின் முகம் மலர்ந்தது.

"அடி என் தங்கமே! போ, போ. நான் ஒண்ணியும் பாக்கல."

அந்த நல்ல மனசு அதோடு நின்றிருக்கலாம். ஆனால் காலை முழுவதும் முனியம்மாளுக்கு உறுத்தியது. டீ நேரத்தில் தேவராஜனைத் தேடிப் போனாள்.

"சார், புள்ளத்தாச்சிப் பொண்ண நிக்க வெச்சிக்கினு கீறீங்க. அந்த ப்ரியாவுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க சார். புண்ணியமாப் போவும்."

ஸ்டூல் வந்தது. தேவராஜனே தூக்கி வந்தார்.

"உக்காரும்மா. இன்னா பொண்ணு நீ, எங்கிட்ட சொல்ல வேணாமா? என் வூட்லயும் பொண்ணு கீறா."

மொத்த லைனும் திரும்பிப் பார்த்தது. ப்ரியா உட்கார்ந்தாள். வீங்கிய கால்கள் வேலை நேரத்தில் அன்றுதான் முதல்முறையாக ஓய்ந்தன. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். மதிவதனி முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் ப்ரியா. இந்த நேரத்துல நின்னு வேல செஞ்சா ரிஸ்க். இந்த மாசத்தோட உன் கான்ட்ராக்டும் முடியுது. குழந்தை கொஞ்சம் பெருசானதும் வா, பாத்துக்கலாம்."

"மேடம், உங்களுக்கும் ரெண்டு பசங்க. நீங்க வேலைய வுட்டீங்களா?"

மதிவதனி கோபப்படவில்லை. "நான் பெர்மனென்ட், ப்ரியா" என்றாள் மெதுவாக.

அன்று முழுவதும் ப்ரியாவிடம் யாரும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. கேட்டில் முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஸ்டூலுதானேம்மா கேட்டேன்" என்றாள். அதுவும் உண்மைதான்.

கம்பெனி பஸ்ஸில்தான் வாய்கள் திறந்தன. அதே லைனில் வேலை செய்யும் கங்கா முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"ஒரு மாசம் பொறுத்திருந்தா இன்னாடி? வளையலுக்கு அவ்ளோ அவசரமா? எவ போட்டது?"

ப்ரியா கோட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கைராசின்னு ஒண்ணு கீது. புள்ள பெத்தவ போட்டிருந்தா இப்டி ஆவுமா?" கங்காவின் கண் ஜன்னலோரம் இருந்த ஜோதியிடம் போய் நின்றது. "சொல்லு, எவ போட்டா?"

ஜோதி மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசையத் தொடங்கியது.

ப்ரியா கோட்டுக் கையை மேலே ஏற்றி டேப்பை உரித்தாள். தோல் சிவந்து, மயிரும் சேர்ந்து வந்தது. வளையல்கள் சரிந்து மணிக்கட்டில் விழுந்து கலகலத்தன.

"நானேதான் போட்டுக்கினேன். ஆசையா இருந்துச்சு."

"திமிரு" என்றாள் கங்கா.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும் ஜோதி அவள் கையைப் பிடித்தாள். "கழட்டிடு ப்ரியா. எங்கையால போட்டது வேணாம்."

"கழட்டக் கூடாதுன்னு நீதானேக்கா சொன்ன?" என்றுவிட்டு ப்ரியா நடந்தாள்.

வேலை போன சேதி கேட்டதும் அலமு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு! நான் வேண்டாத நாள் இல்ல." உள்ளே ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து போட்டாள். அந்த முகத்தில் நிஜமான அன்பு இருந்தது.

"உக்காரு தாயீ. இனிமே நீ ஒண்ணியும் செய்ய வேணாம்."

ப்ரியா ஸ்டூலைப் பார்த்தாள்.

"நிக்கறேன் அத்தை" என்றாள்.