மாமியார் கை ஊசி

என் மகனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இறந்தவரின் பெயரை எங்கள் ஊரில் வாயால் சொல்வதில்லை. காகிதத்திலும் அப்படியே இருக்கட்டும். மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் பெயரை எழுதலாம்.

சிறுவனாக இருந்தபோது அவனுக்குத் தொண்டை வலி வந்தது. பிறகு முட்டி வீங்கியது, காய்ச்சல் இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் பழங்குடிப் பாலைவன ஊர்களில் பல பிள்ளைகளுக்கு வருவதுதான். மருந்து, மாதம் ஓர் ஊசி. பின்புறச் சதையில் போடவேண்டிய கெட்டியான வெள்ளை மருந்து அது. போட்ட பிறகு ஒழுங்காக உட்கார முடியாது. தவறாமல் போட்டுக்கொண்டால் இதயம் இருக்கிறபடியே இருக்கும். விட்டால் காய்ச்சல் திரும்பும், இதயத்தின் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும். அவன் ஆலிஸ் நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலமெல்லாம் ஊசி தவறவில்லை.

அந்தக் காலத்தில்தான் மெரில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்சாக வந்தாள். தெற்கிலிருந்து வருகிற வெள்ளைக்கார நர்சுகள் ஒரு கோடைக்கு மேல் தாங்கமாட்டார்கள். இவள் தங்கினாள். பெண்கள் உடும்பு பிடிக்கப் போனால் லீவு நாளில் கூடவே வருவாள். ஒருநாள் கடப்பாரையால் வளை தோண்டித் தோண்டி அவள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. எங்களோடு வந்திருந்த மோனா அந்தக் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள்.

"இங்க பாருங்கடி, நர்சம்மா கை! இனிமே இவ என் அக்கா. இவளும் நபங்கார்டி."

எங்களில் ஒவ்வொருவருக்கும் பிறவியிலேயே ஓர் உறவுப்பெயர் உண்டு. அது இருந்தால்தான் ஒரு மனுஷி யாருக்கு மகள், யாருக்கு அத்தை, யாரோடு சிரிக்கலாம், யாரைக் கண்டால் ஒதுங்கவேண்டும் என்பது தெரியும். மோனா நபங்கார்டி. நான் நகமாரா. என் மகன்களுக்குப் பெண் கொடுக்கிற வீடு நபங்கார்டி வீடு.

"அப்போ எனக்கு இவங்க சம்பந்தியம்மா ஆச்சே!" என்றேன்.

"உன் மகன் என் மகளைக் கட்டினா அவனுக்கு ரெண்டு மாமியாருடி. ஓடி ஒளிய இடமே இருக்காது!" என்றாள் மோனா.

உடும்பைச் சுட்ட நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மெரிலும் சிரித்தாள். அன்று முதல் அவள் என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டாள்.

என் மகன் படிப்பை முடித்து வந்தான். ஊர் ஃபுட்பால் அணியில் சேர்ந்தான். மோனாவின் மகள் டெல்வீனையே கட்டிக்கொண்டான். முறைப்படி அமைந்த கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம். எங்கள் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, ஒரே அறையில் இருக்கக்கூடாது. மோனா கடைக்குள் இருந்தால் அவன் வெளியே வேலியோரம் காத்துக்கொண்டு நிற்பான். மெரில் இருந்தாலும் நிற்பான். மெரிலும் அவன் தூரத்தில் வருவதைப் பார்த்தால் வண்டியை வேறு பக்கம் திருப்புவாள். "வெள்ளைக்காரி ஆனாலும் நம்ம பொம்பளைங்களை விட மரியாதை தெரிஞ்சவ" என்று கிழவர்கள் மெச்சினார்கள்.

பிறகு தெற்கு நகரத்திலிருந்து இதய ஆராய்ச்சி வந்தது. இந்த ஊசியை வலி குறைவாக, சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும்படி செய்யமுடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. அதற்கான நர்சாக மெரிலைச் சேர்த்துக்கொண்டார்கள். வீடு வீடாக உட்கார்ந்து படம் வரைந்து விளக்குவது, சம்மதம் கேட்பது, ஊசி போடுவது, சின்ன இயந்திரத்தில் இதயத்தைப் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. அவள் கேட்டாள் என்பதற்காகத்தான் ஊர் ஒத்துக்கொண்டது. வேறு யாராவது வந்திருந்தால், "போய் உங்க ஊரு ஆட்டு மேல போட்டுப் பாருங்க" என்று அனுப்பியிருப்போம்.

ஆண்களுக்கு ஊசி போட ஆஸ்பத்திரியில் ஓர் ஆண் நர்ஸ் இருந்தார். கோடை தொடங்கியதும் அவர் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஆஸ்பத்திரி வேலையும் ஆராய்ச்சி வேலையும் மெரில் ஒருத்தி தலையில் விழுந்தன. மழை முந்திக்கொண்டு வந்து ஆலிஸ் சாலையை அறுத்தது, அங்கே போய்ப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை.

என் மகனின் ஊசி நாள் வந்தது.

"மாமியார் முன்னால பேன்ட்டை இறக்கச் சொல்றியா அம்மா?"

"அவங்க உன்னைப் பார்க்கவா போறாங்க? ஊசி போடற இடத்தைத்தான் பார்ப்பாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். பிறகு, "ஊரு சிரிக்கும் அம்மா" என்று மெதுவாகச் சொன்னான்.

"சிரிக்கட்டும்டா. சிரிப்புல யாரும் சாகறதில்ல."

"வெட்கத்துல சாவாங்க."

அந்த நாள் போயிற்று. அடுத்த மாதத்து நாளும் போயிற்று. மெரிலின் டொயோட்டா சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியாகப் போய்விடுவான். ஃபுட்பாலை நிறுத்தினான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற தண்ணீர்த் தொட்டியடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து உட்கார்ந்து வந்தான்.

நான் மெரிலிடம் போனேன். அவள் போனில் தெற்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஓர் ஆண் நர்சை அனுப்புங்கள் என்றால், ஏற்பாடு நடக்கிறது என்றார்கள். தாய்க்கே ஊசி போடக் கற்றுத் தருகிறேன் என்றால், விதியில் இடமில்லை என்றார்கள்.

"சம்பந்தி, ஒரே ஒரு நாளைக்கு வெள்ளைக்காரியா இருங்க. போய் அவனைப் பிடிச்சுப் போட்டுடுங்க."

"நான் இருப்பேன். அவன் கண்ணுக்கு நான் வெள்ளைக்காரியா தெரிவேனா?" என்றாள். "நபங்கார்டிங்கற பேரைத் திருப்பிக் கொடுத்துடட்டுமான்னு மோனாகிட்ட கேட்டுட்டேன், சம்பந்தி."

"என்ன சொன்னா?"

"'பேரு என்ன சட்டையா, கழட்டிக் கொடுக்க'ன்னு கேட்டுட்டு அழுதா."

ஒரு மத்தியானம் டெல்வீன் ஓடி வந்தாள். அவன் மெத்தையில் படுக்கமுடியாமல் சுவரில் சாய்ந்திருந்தான். மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மெரில் பையோடு வாசலில் நின்றாள். அவள் காலடி கேட்டதும் அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

மெரில் உள்ளே வந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஆக்சிஜன் முகமூடியை என்னிடம் கொடுத்து, "போர்வைக்குள்ள விட்டு மாட்டுங்க" என்றாள். நரம்பில் போடவேண்டிய மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

"மகன்கிட்ட சொல்லுங்க சம்பந்தி. கை மட்டும் போதும். நான் பார்க்கமாட்டேன்."

அவளுக்கு எங்கள் மொழி தெரியும். அவனுக்கும் காது கேட்கும். ஆனாலும் அவள் சொன்னதை நான் அவனிடம் சொன்னேன்.

போர்வைக்கு வெளியே அவன் கை வந்தது.

அவள் பாதி திரும்பி, அந்தக் கையை மட்டும் பார்த்து நரம்பைத் தேடினாள். மருந்து போட்டு முடித்த பிறகும் அவள் கையை விடவில்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை. ஆலிஸிலிருந்து விமானம் வரும் சத்தம் கேட்பதற்கு முன்பே அந்தக் கை மெரிலின் மடியில் கனத்துவிட்டது. போர்வையை நான்தான் விலக்கினேன். அவள் அப்போதும் பார்க்கவில்லை.

டெல்வீனும் மோனாவும் நானும் தலைமுடியை வெட்டிக்கொண்டு, வெள்ளை மண்ணைப் பூசிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் விதவைகளின் கூடாரத்துக்குப் போனோம். மனைவியும் தாயும் மாமியாரும் துக்கம் முடியும்வரை பேசக்கூடாது, கைச்சாடை மட்டும்தான். மறுநாள் மெரில் முடியை வெட்டிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆராய்ச்சி டாக்டர் தெற்கிலிருந்து வந்தார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. "அவர் ஏன் ஊசியை நிறுத்திட்டார், மெரில்? மருந்து ஒத்துக்கலையா? வலியா? எனக்குத் தெரியணும்" என்று குனிந்து கேட்டார். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி கேட்டார். பிறகு அவளுக்கு ஓய்வு தேவை என்று சொல்லி விமானத்தில் கூட்டிப்போனார். ஏறும்போது அவள் திரும்பி, எங்கள் முறைப்படி ஒரு சாடை காட்டினாள். சம்பந்தி என்று அர்த்தம். அதன்பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

ஆண் நர்ஸ் மழைக்குப் பிறகு வந்தான். டங்கன் என்று பெயர், இளைஞன். மென்மையாகப் பேசுகிறான், நாய்களைக் கூட அதட்டுவதில்லை. ஊர்ப் பையன்கள் எல்லோரும் அவனிடம் போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஒருநாள் எங்கள் கூடாரத்துக்கு வந்து மோனாவின் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டான். போகும்போது தேநீர் கொடுத்தோம். கங்காரு வாலையும் கொடுத்தோம், நன்றாகச் சாப்பிட்டான்.

துக்கக்காரர்களுக்குச் சமைத்துப்போட வந்திருந்த பெண்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "எவ்வளவு நல்ல பையன்! இவன் யாரு நமக்கு? யாராவது இவனுக்கு ஒரு பேரு வைங்கடி" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வாயைத் திறந்தாள்.

நான் கையைத் தூக்கினேன். வேண்டாம் என்று காட்டினேன். மோனாவும் கட்டுப் போட்ட காலோடு எழுந்து நின்று அதே சாடையைக் காட்டினாள்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். டங்கன் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு, விடைகொடுக்கிறோம் என்று நினைத்து, சிரித்தபடி கையசைத்துவிட்டுப் போனான்.