துண்டின் மறுமுனை

விக்கிரவாண்டி சந்தைத் திடலில் முதல் ஆட்டம் தொடங்கியபோது நடராசன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முறுக்கினான். ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மறுமுனையைத் தேவசகாயத்திடம் நீட்டினான். தேவசகாயம் பிடித்துக்கொண்டான். சடுகுடுவில் எதிராளி மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது இந்தப் பக்கத்து ஆட்கள் கைகோத்து வளைந்து நிற்க வேண்டும். அவன் ஒருவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புவதற்குள் சங்கிலியைச் சுருட்டி அவனை அமுக்க வேண்டும். சங்கிலியின் இடது கோடியில் தேவசகாயம், அடுத்து நடராசன். தேவசகாயம் சேரி. நடராசன் ஊர்த்தெருவில் சொந்த நிலமும் கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளை. அதனால் இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு முழத் துண்டு. ஆள் மாட்டியதும் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வார்களே, அப்போது நடராசனின் மூக்கு தேவசகாயத்தின் அக்குளில் இருக்கும். அதில் தீட்டு இல்லையாம். விழுந்து புரண்டால் ஆட்டம், நின்று கைகோத்தால் தீட்டு. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் இரண்டு தெருவிலும் பதில் கிடைக்காது.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மில் வைத்திருந்த கோதண்டபாணிதான் இந்தச் சடுகுடு செட்டைச் சேர்த்தவர். 1938ஆம் வருஷம், புதுச்சேரிக் கப்பல் ஏஜெண்ட் ஒருவன் கொண்டுவந்த அமெரிக்கப் பத்திரிகையில் அவர் ஒரு படம் பார்த்தார். தோல் தொப்பி மாட்டிய தடியர்கள் ஒரு பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் குவிந்து கிடந்தார்கள். அந்த ஊரில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள், ஊர் ஊராக ரயிலில் கூட்டிப்போய் ஆடவிடுகிறார்கள், சீசன் முடிவில் ஜெயித்தவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று ஏஜெண்ட் விளக்கினான். பந்தே இல்லாமல் நம் ஆட்கள் இதைத்தானே செய்கிறார்கள் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. அவருக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. மில்லிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கினார். மாசியும் பங்குனியும் மூட்டை தூக்க வேண்டாம், ஆடினால் போதும், சம்பளம் உண்டு. ஊர் சிரித்தது. "சடுகுடு ஆடறதுக்குக் கூலியா? அப்போ தூங்கறதுக்கும் குடுப்பாரா, கேட்டுக்கினு வா" என்றார்கள். தோல் தொப்பியும் தைத்து வந்தது. மாட்டிப் பார்த்தவர்கள், காது அடைக்கிறது, எதிராளி பாடுகிறானா மூச்சு விடுகிறானா தெரியவில்லை என்று அன்றே கழற்றி வைத்துவிட்டார்கள்.

தொப்பி இல்லாமலேயே ஜெயித்தார்கள். விக்கிரவாண்டியில் ஜெயித்து, மயிலத்தில் ஜெயித்து, திருவக்கரையில் கோயிலுக்கு வந்த கூட்டமெல்லாம் சாமியை மறந்துவிட்டுத் திடலைச் சுற்றி நிற்க, அங்கும் ஜெயித்தார்கள். தேவசகாயத்துக்கு மூச்சு நீளம். அவன் பாடிக்கொண்டு போனால் எதிர்ப்பக்கம் ஒவ்வொருவனாகப் பின்வாங்கும். அதுவரை மில்லில் அவன் ஒரு முதுகு, அவ்வளவுதான். மூட்டையை ஏற்றுகிறவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. இந்த இரண்டு மாதங்களில்தான் அவன் முகத்தோடு நடமாடினான். அவனுக்கு அது பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. நடராசனும் கெட்டவனில்லை. ஆட்டம் முடிந்தால் தேவசகாயத்துக்கும் ஒரு பீடி கொடுப்பான், அவன் உள்ளங்கையில் படாமல் மேலிருந்து போடுவான்.

திண்டிவனத்தில், சொந்த ஊர்த் திடலிலேயே, வினை வந்தது. எதிரே விழுப்புரத்து ரயில்வே லோகோ ஆட்கள். எஞ்சினுக்குக் கரி அள்ளி உரமேறிய உடம்புக்காரர்கள். அதில் துரைக்கண்ணு என்ற பயர்மேன், ஆட்டம் பாதி முடிவதற்குள் துண்டைக் கவனித்துவிட்டான். மற்றவர்கள் கையைக் கையால் பிடித்திருக்க, இங்கே மட்டும் துணி. நேரே அந்த இடத்துக்கு வந்து துண்டின்மேல் நெஞ்சால் மோதினான். வேர்வையில் ஊறிய துணி தேவசகாயத்தின் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. இருவரையும் தொட்டுவிட்டு அவன் சிரித்துக்கொண்டே திரும்பினான். மறுபடியும் வந்தான், மறுபடியும் அதே வழி. சீசனில் முதல் தோல்வி.

முதலாளி முகம் கறுத்துவிட்டது. செட்டின் கேப்டன் சீனுவாசனை அழைத்தார்.

"எடது ஓரம் ஓட்டை. அந்தச் சேரிப் பையனை எடுத்துட்டு வேற ஆளைப் போடு."

துண்டைச் சீனுவாசன் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "விழுப்புரம் ஆட்டத்துக்கு நாள் இல்லீங்க. இந்த ஒரு ஆட்டம் பாப்போமுங்க" என்றான்.

"சரி. அங்கயும் அந்தப் பக்கம் பிச்சிக்கினு போனா அவன் மூட்டை தூக்கப் போவட்டும். அடுத்த வருசமும் செட்டுல கூடாது."

வாசலில் நின்ற தேவசகாயத்துக்கு எல்லாம் கேட்டது. வீட்டுக்குப் போய்க் கேப்பைக் களியின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இன்னா, மொகம் ஒரு மாதிரி கீது?" என்றாள் அவன் மனைவி அம்சா.

சொன்னான்.

"நீ கைய உட்டியா?"

"நா எங்க உட்டேன்? துண்டு வழுக்குது."

"அப்போ துண்டைத் தூக்கிப் போடு."

"போட்டுட்டு எதைப் புடிக்கறது?"

அம்சா களியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

விழுப்புரத்தில் ரயில் பாதையை ஒட்டிய மைதானம். சீசனின் கடைசி ஆட்டம், ஜெயித்தவர்களுக்குக் கப்பு. லோகோ ஆட்களுக்குச் சொந்த ஊர் என்பதால் கூட்டம் அவர்கள் பக்கம் கத்தியது. திண்டிவனத்திலிருந்தும் பாசஞ்சர் வண்டி பிடித்து ஜனம் வந்திருந்தது. முன்வரிசையில் நடராசனின் அப்பா அப்பாதுரை தன் பங்காளிகளோடு நின்றார். வெகுதூரம் தள்ளி, புளியமரத்தடியில், சர்ச்சுப் பெண்களோடு அம்சா நின்றாள். தேவசகாயம் அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பாடிப் போன ஒவ்வொரு தடவையும் ஒருவனையாவது தொட்டுவிட்டுத் திரும்பினான். ஆனால் அவன் சேர்த்ததையெல்லாம் துரைக்கண்ணு துண்டு வழியே வந்து அழித்துவிட்டுப் போனான். பொழுது சாயும்போது இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு துரைக்கண்ணுவினுடையது. தொட்டுவிட்டுத் திரும்பினால் கப்பு அவர்களுக்கு, பிடித்தால் இவர்களுக்கு.

நடராசன் துண்டை நீட்டினான். தேவசகாயம் வாங்கவில்லை.

"புடிடா, ஜல்தி!"

"துண்டு வேணாம். கை குடு."

"இன்னாடா பேஜாரு பண்ற? எங்கப்பா நிக்கறாரு."

"எங்க வூட்லயும்தான் நிக்கறா."

துரைக்கண்ணு கோட்டைத் தாண்டிவிட்டான். சடுகுடு சடுகுடு என்று வாய் ஓட, கண் மட்டும் இடது கோடியில் இருந்தது. அங்கே இப்போது துண்டும் இல்லை, வெறும் இடைவெளி. தேவசகாயம் விரித்த கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். இந்தக் கை இப்படியே வெறுமனே நின்றுவிட்டால் நாளைக்கு மூட்டை, அதற்கப்புறமும் மூட்டைதான். அன்றுவரை நடராசனை, எசமானை அழைப்பதுபோல, "ஆண்டே" என்றுதான் அழைத்திருக்கிறான். இப்போது அதற்கு நேரமில்லை.

"நடராசா, கை!"

நடராசனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தோற்கப் போகிறோம் என்ற பயம்தான் வந்தது. அவன் பெரிய மனசுக்காரன் என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம். அவன் ஆட்டக்காரன், தோற்பது அவனுக்குப் பிடிக்காது. துண்டு மண்ணில் விழுந்தது. கை வந்து கையைக் கவ்வியது. மூட்டை தூக்கிக் காய்த்த கையும் ஏற்றம் இறைத்துக் காய்த்த கையும், இரண்டும் ஒரே சொரசொரப்பு. மறு நொடி துரைக்கண்ணு நெஞ்சைக் கொடுத்து மோதினான். துணி இருந்த இடத்தில் எலும்பு இருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது, பிடி விடவில்லை. சங்கிலி சுருண்டது. சீனுவாசன் இடுப்பைப் பிடிக்க, மற்றவர்கள் மேலே விழ, குவியலுக்கு அடியில் துரைக்கண்ணுவின் பாட்டு முனகலாகி, தேய்ந்து, நின்றது. விசில் ஒலித்தது.

மைதானம் இரண்டுபட்டது. முதலாளி செருப்பை எங்கோ விட்டுவிட்டு ஓடிவந்து தேவசகாயத்தின் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். குவியல் கலைந்து எல்லாரும் எழுந்த பிறகும் அந்த இரண்டு கைகளும் கோத்தபடியே இருந்தன. முதலில் கவனித்தவன் நடராசன். மெதுவாக விடுவித்துக்கொண்டு அப்பா நின்ற பக்கம் பார்த்தான். அப்பாதுரை எங்கோ ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடராசன் கையை வேட்டியில் துடைக்கப் போனான், பிறகு துடைக்காமல் கப்பைத் தூக்க ஓடினான்.

சேர்ந்து தூக்கினார்கள். அப்போது புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கட்டியவன் பெயரை அன்றுவரை ஒரு தடவைகூட வாயால் சொல்லாத அம்சா, "தேவசகாயம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்துப் பெண்கள் திகைத்து வாயில் கை வைத்தார்கள். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு, மறுபடியும் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே நடுமைதானத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.