பதினான்கு மில்லிமீட்டர்

ஜனவரி மாதத்தில் ஒருநாள் பாடசாலை வேனின் கதவு சர்மிளாவின் இடது கையில் மூடியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நசுங்கின. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள்; பிறகு மூன்று மாதம் பயிற்சிக்குப் போனாள். ஜூன் தொடக்கத்தில் பயிற்சி கொடுத்த பெண் அவளுடைய விரல்களை மெல்ல விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மடக்க நீட்ட எல்லாம் நல்லா வருது டீச்சர். விரிக்கிறது மட்டும் இனி இவ்வளவுதான்."

சர்மிளா நாவலப்பிட்டியில் கணித ஆசிரியை. சோக் பிடிப்பது வலது கை. சமைக்க, துவைக்க, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, எதற்கும் தடையில்லை. அந்த விரிப்பு தேவைப்பட்டது கிட்டாருக்கு மட்டும்தான். ஆனால் பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவளுக்குக் கிட்டார்தான்.

கட்டுகஸ்தோட்டையில் அஜந்தன் வீட்டில் மூன்று பேர் கூடுவார்கள். அஜந்தன் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வங்கி உத்தியோகம், பாடுவார். டிலானி மருந்துக்கடையில் வேலை, கீபோர்ட் வாசிப்பாள். பாட்டுகளுக்கு மெட்டமைப்பது சர்மிளா. ஆகஸ்டில் கண்டியில் ஒரு மண்டபத்தில் பகல் நிகழ்ச்சி ஒன்று அவர்களுக்கு வந்திருந்தது. சர்மிளா அமைத்த பாட்டு ஒன்றைத்தான் முதலில் வாசிப்பதாக முடிவு செய்திருந்தார்கள்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்கும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். ஆள்காட்டிவிரல் முதல் ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்தியபடியே இருக்க, சுண்டுவிரல் ஐந்தாம் ஃப்ரெட்டைத் தொட வேண்டும். முன்பு யோசிக்காமல் தொட்டுவிடுவாள். இப்போது விரல் நான்காவதைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. இழுத்தால் முழங்கை வரை வலித்தது.

ஜூனில் ஒத்திகைக்குத் திரும்பியவள், விரல் இனி விரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு சுரத்தை விட்டுவிட்டு வாசித்தாள். இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு அஜந்தன் கேட்டார்:

"சர்மிளா, அந்தத் தொடக்கத்தை டிலானியிட்ட குடுப்பமே? கீபோர்டிலயும் நல்லாத்தான் இருக்கும்."

"சரி, குடுங்க" என்றாள் உடனே.

கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் அப்படிக் கேட்டதில் வருத்தமில்லை. தான் அவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னதுதான் நெஞ்சில் நின்றது.

அந்த வாரமே விளம்பரம் ஒன்றைப் பார்த்தாள். கலகெதரயில் ஒருவர் சிறிய கிட்டார் விற்கிறார். விரல் எட்டவில்லை என்றால் சின்னக் கிட்டார்தானே வாங்க வேண்டும்? சனிக்கிழமை போய் வாங்கி வந்துவிட்டாள். உடல் ஒடுங்கி, மடியில் பிள்ளை போல் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து தொடக்கத்தை வாசித்துப் பார்த்தாள். விரல் பழைய இடத்திலேயே நின்றது.

மறுநாள் இரண்டு கிட்டாரையும் தூக்கிக்கொண்டு, ஒத்திகைக்கு முன்பே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த பளீலின் கடைக்குப் போனாள். பளீலுக்கும் அவள் வயதுதான் இருக்கும். அலுமாரி, கதிரை செய்துகொண்டிருந்தவர். ஒருமுறை யாரோ கழுத்து உடைந்த கிட்டாரைக் கொண்டு வந்து கொடுக்க, அதிலிருந்து கிட்டார் திருத்தும் வேலைக்கு வந்தவர்.

"இது சின்னக் கிட்டார்தானே? ஏன் அப்படியே கஷ்டமா இருக்கு?" என்று கேட்டாள்.

பளீல் எடுத்து வாசித்துப் பார்க்கவில்லை. இழுப்பறையிலிருந்து இரும்பு அடிக்கோலை எடுத்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியா டீச்சர். அளக்கத்தான் தெரியும்."

கழுத்தின் உச்சியில் கம்பிகள் வந்து படியும் வெள்ளைக் கட்டையில் அடிக்கோலின் நுனியை வைத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்தார். முப்பத்திரண்டரை சென்டிமீட்டர். அவளுடைய பழைய கிட்டாரையும் அளந்தார். அதுவும் முப்பத்திரண்டரை.

"பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பிக்கு நடு. அப்ப ரெண்டால பெருக்குங்க. ரெண்டுலயும் கம்பி ஆடுற நீளம் அறுபத்தஞ்சு. இதைத்தான் ஸ்கேல் நீளம்னு சொல்றது. ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் எவ்வளவு தூரம்னு தீர்மானிக்கிறது இந்த நீளம்தான். உடம்பு சின்னதா பெரிசாங்கிறது அதுக்கு ஒரு கணக்குமில்ல."

சர்மிளாவுக்கு முகம் சூடானது. "நான் கணக்கு டீச்சர். ஒரு அடிக்கோல் எடுத்து அளந்து பாத்திருக்கலாம்."

"ஆக்கள் உடம்பைத்தான் பாப்பாங்க" என்றார் பளீல். "கையைக் காட்டுங்க."

அவள் காட்டினாள். தையல் தழும்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னொண்ணை வாங்க முந்தி உங்கட கிட்டார்லயே பாத்துருவம். எல்லாக் கம்பியையும் ரெண்டு ஃப்ரெட் அளவு சுருதி இறக்குங்க."

இறக்கினாள். அவர் கேப்போ என்னும் சிறிய பிடிப்பான் ஒன்றை எடுத்து, இரண்டாம் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும்படி கவ்வி வைத்தார். இறக்கிய சுருதி திரும்பப் பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் கம்பியின் நீளம் இப்போது ஐம்பத்தெட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

"இனி கேப்போ இருக்கிற இடம்தான் தொடக்கம்னு நினைச்சு வாசிங்க."

ஆள்காட்டிவிரலை வைத்தாள். சுண்டுவிரலை நீட்டினாள். தொட்டது. வலிக்கும் எல்லைக்குச் சற்று முன்னாலேயே தொட்டது. திரும்பவும் வாசித்தாள். மூன்றாவது தடவை வாசிக்கும்போது கண் கலங்கியது, தலையைக் குனிந்துகொண்டாள். பளீல் அதற்குள் அளந்து முடித்திருந்தார்.

"முந்தி இந்த விரிப்பு பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கும் மேல. இப்ப பதினொண்ணேகால். பதினாலு மில்லிமீட்டர் மிச்சம். அவ்வளவுதான் டீச்சர் உங்கட பிரச்சினை."

ஆனால் பலமாக அடித்தபோது கம்பிகள் 'கர்ர்' என்று ஃப்ரெட்டில் மோதின. நீளம் குறைந்தும் சுருதி அதேதான் என்றால் கம்பி தளர்ந்திருக்கும் என்றார் பளீல். தளர்ந்த கம்பி அகலமாக ஆடும். கொஞ்சம் தடித்த கம்பிகளைப் போட்டுக்கொடுத்தார். கர்ர் பெரும்பாலும் அடங்கியது. அழுத்தத்தைக் குறைப்பது மட்டும் அவள் கையில்தான் இருந்தது. பதினாறு வருடப் பழக்கத்தில் அவள் கம்பியை நசுக்கிப் பிடிப்பாள். தளர்ந்த கம்பியை அப்படிப் பிடித்தால் சுருதி ஏறிவிடும்.

ஒத்திகையில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்கும் முன்பே சொன்னாள். விரல் இனி விரியாது என்பது, விட்டுவிட்டு வாசித்தது, கலகெதர, எல்லாவற்றையும்.

அஜந்தன் பாட்டுத்தாளைக் கீழே வைத்தார். "ஏன் முதலே சொல்லேல்லை? உங்களுக்கு மனம் விட்டுப்போச்செண்டெல்லோ நான் நினைச்சன். இன்னொரு ஆளைப் பாப்பமோ எண்டும் யோசிச்சனான்."

"சொன்னா நீங்க அப்படித்தான் செய்வீங்கன்னு பயந்தேன்."

"சொல்லாட்டிலும் அதைத்தானே யோசிச்சிருக்கிறன்" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

டிலானிக்குத்தான் கோபம். "நான் உங்க தொடக்கத்தை ஒரு வாரமா ராவும் பகலும் பழகிட்டு இருக்கேன் அக்கா. இப்ப திருப்பிக் கேக்குறீங்க."

"கேக்குறேன். தருவியா?"

"வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தாள். இரண்டு இடத்தில் சுருதி ஏறியது. டிலானி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அக்கா, கிட்டாரோட குரல் மாறியிருக்கு. முந்தி விட மெத்துனு இருக்கு" என்றாள். பிறகு, "எடுத்துக்குங்க" என்றாள்.

நிகழ்ச்சி நாளில் மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. தொடக்கம் சுத்தமாக வந்தது. பாட்டின் நடுவில்தான் தவறினாள். கழுத்தில் இடம் காட்டப் பதித்திருக்கும் புள்ளிகளைப் பார்த்தே கை வைத்துப் பழகியவள். கேப்போ போட்டதால் ஒவ்வொரு இடமும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போயிருந்தது. பழைய புள்ளியைப் பார்த்துக் கை வைத்துவிட்டாள். பிழையான சுரம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அஜந்தன் பாடுவதை நிறுத்தவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள். கைதட்டல் வழக்கமான அளவில் இருந்தது. அவளுக்கு அது போதும்.

கலகெதரக் கிட்டாரைப் பாடசாலையின் சங்கீத அறைக்குக் கொடுத்துவிட்டாள். ஒக்டோபரில் பளீல் அழைத்தார். ஸ்கேல் நீளம் ஐம்பத்தெட்டு உள்ள கிட்டார் ஒன்று கைக்கு வந்திருக்கிறதாம். இந்த முறை சர்மிளா அடிக்கோலோடு போனாள். அவளே அளந்தாள், அளவு சரியாக இருந்தது. கேப்போ தேவையில்லை, புள்ளிகளும் அதனதன் இடத்தில் இருந்தன.

அதன் கம்பியை அழுத்தியபடி பக்கவாட்டில் தள்ளினால் சுரம் வளைந்து மேலே போனது. பழைய கிட்டாரில் அதற்கு விரலில் நிறையப் பலம் வேண்டும், அவள் முயன்றதேயில்லை. இதில் காயப்படாத இரண்டு விரல்களே போதுமாக இருந்தன. ஒரு வாரம் அதையே செய்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அஜந்தன் வீட்டில், வளையும் சுரங்களாகவே அமைத்த புது மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினாள்.

"இதுக்கு நான் எப்பிடிப் பாடுறது?" என்றார் அஜந்தன்.

"மெதுவா" என்றாள் சர்மிளா.

டிலானி கீபோர்டை இயக்கினாள்.