சோத்தாங்கைப் பக்கம் மலை

1993ஆம் ஆண்டு புரட்டாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, வேங்கிக்காலில் குடியிருந்த எழிலரசியின் இதயம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அன்று குழாயில் தண்ணீர் வரும் முறை. அவள் இடுப்பில் மூன்றாவது குடம் இருந்தது. குடமும் இடுப்பு மாறி உட்கார்ந்துகொண்டது, ஒரு சொட்டு சிந்தவில்லை. வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது மூக்கில் மின்னியது. மத்தியானம் அவள் இடது கையால் சோறு பிசைந்தபோதுதான் கணவன் சகாதேவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் கண் அடுத்ததாகப் போன இடம் கொல்லையில் கட்டியிருந்த கொடி. காலையில் அவன் அலசிப் போட்ட அவளுடைய படம் அங்கே காய்ந்து சுருண்டு தொங்கியது.

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா அவன். கூடவே ஒரு பழைய யாஷிகாவும் வந்தது. முகத்தில் இரண்டு கண்ணாடிக் கண் வைத்த பெட்டிக் கேமரா. வயிற்றுக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் சதுரக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். உருவம் தலை நிமிர்ந்துதான் தெரியும், ஆனால் இடம் வலமாக மாறித் தெரியும். ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். ஆகவே ஒரு படத்துக்கு அரை மணி நேரம் பார்ப்பான், பிறகு பெருமூச்சுவிட்டு எடுக்காமலே மூடிவிடுவான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் மனைவியை அவன் நேரில் பார்த்த நேரம் கம்மி, கண்ணாடிக்குள் பார்த்த நேரம் ஜாஸ்தி. அதனால்தான் குளியலறையைக் கறுப்புக் கம்பளியால் மூடி அவள் படத்தைப் பிரிண்ட் போட்டபோது, வந்த முகம் அவனுக்கு அந்நியமாகப் பட்டது. வகிடு, மச்சம், சிரிப்பின் கோணல் எல்லாமே தவறு. நெகட்டிவைப் புரட்டிவைத்து மறுபடி போட்டான். இப்போது கண்ணாடிக்குள் பார்த்த அதே எழிலரசி. திருப்தியோடு முதல் பிரிண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதைக் கொடியில் மாட்டினான்.

எழிலரசிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஊர்தான் திரும்பிக் கிடந்தது. கடைப் பெயர்களும் பஸ் போர்டும் இடம் வலம் மாறிய எழுத்தாகத் தெரிந்ததால் இடுப்பில் ஒரு சின்னக் கண்ணாடி செருகிக்கொண்டு, அதில் பார்த்துக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைக் கண்டுபிடித்து அம்மா வீட்டுக்குப் போய்வந்தாள். காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வலப்பக்கம் நகர்த்தி வைத்து, பிறவியிலேயே இப்படியா என்று கேட்டுவிட்டு, மாத்திரை எழுதினார். பெரிய தெருவில் ஃபிலிமும் படம் கழுவும் மருந்தும் விற்ற சர்தார் மட்டும் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சகாதேவனைத் தனியாகக் கூப்பிட்டார். "உல்டாவா போட்டுட்டீங்க சார். நெகட்டிவ நேரா வச்சு இன்னொண்ணு எடுங்க, காஞ்சதும் சரியாப் பூடும்."

சகாதேவன் எடுக்கவில்லை. நாளைக்கு, பேப்பர் வரட்டும், கரண்ட் நிலையாக இருக்கட்டும் என்று இரண்டு மாதம் ஓட்டினான். உண்மை என்னவென்றால் அவனுக்கு இந்த முகம்தான் பிடித்திருந்தது. அந்த நினைப்பு அவனுக்கே அருவருப்பாக இருந்தது, இருந்தும் எடுக்கவில்லை. இதற்கிடையில் அவளை மறுபடி படம் பிடித்துப் பார்த்தான்; ஃபிலிமில் சுவர் பதிந்தது, அவள் பதியவில்லை. ஆக, அவளைத் திருப்ப உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு நெகட்டிவ்தான்.

கார்த்திகை பிறந்ததும் அவள் தீபத்துக்குக் கிரிவலம் போகப்போவதாகச் சொன்னாள். பாவாடை கட்டிய வயதிலிருந்து ஒரு தீபம் விட்டதில்லை. இரண்டு மாதமாக ஆளில்லாத விடிகாலைகளில் மலையை அவள் எந்தத் திசையில் சுற்றுகிறாள் என்பது சகாதேவனுக்குத் தெரியும். தீபத்தன்று லட்சக்கணக்கான ஜனம் வரும் பாதையில் எதிரே போனால் மிதித்துவிடுவார்கள் என்று கெஞ்சினான்.

"நான் வலமாத்தான் வர்றேன். சோத்தாங்கைப் பக்கம் மலை இருந்தா அது வலம். சின்னக் குழந்தைக்கே தெரியும்," என்றாள். சோறு தின்னும் கை அவளுக்கு எது என்பதை அவன் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்.

தீபத்தன்று காலை பத்து மணிக்கு நெகட்டிவ் உறையை எடுத்தான். ஐப்பசி மழையின் ஈரத்தில் நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தான். வகிட்டிலிருந்து தாடை வரை எழிலரசியின் முகம் உரிந்து, பக்கத்துப் படத்திலிருந்த கோபுரத்தோடு போய்விட்டது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான். அவள் கிளம்புவதாகச் சொன்னது நாலு மணி. கேமராவில் பன்னிரண்டாவது படம் ஒன்று பாக்கி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சர்தார் கடைக்கு ஓடினான். தன்னை நிற்கவைத்துப் படம் பிடிக்கச் சொன்னதும் சர்தாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருத்தர் போனது போதாதா என்று கேட்டார். பிறகு குனிந்து, பிடித்தார்.

ஃபிலிமைக் கழுவி, விசிறியில் காயவைத்து, இந்தத் தடவை தெரிந்தே நெகட்டிவைப் புரட்டிவைத்து அவன் பிரிண்ட் போட்டு முடித்தபோது மணி மூன்றே முக்கால். வானம் மூடியிருந்தது. கொடியில் படம் காயவே இல்லை, எழிலரசியோ வாசலுக்கு வந்துவிட்டாள். அவன் ஈரப் படத்தைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, உன்னை மாற்றியது நான்தான் என்றான்.

"தெரியும். அன்னைக்கே கொடியில பார்த்தேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்," என்றாள். சற்று நின்று, "வர்றதா இருந்தா செருப்பக் கழட்டிட்டு வாங்க," என்றாள்.

ஈசான்ய லிங்கத்தருகே பாதையில் இறங்கியதுமே கூட்டம் முகத்தில் மோதியது. முதலில் திட்டினார்கள், பிறகு தள்ளினார்கள், பிறகு திட்டவும் தள்ளவும் யாருக்கும் இடமில்லாமல் போனது. எழிலரசி அசராமல் முன்னேறினாள், அவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். குபேர லிங்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு மூட்டை இடித்து அவள் மண்டியிட்டு விழுந்தாள். நாலைந்து கால்கள் அவள் கையை மிதித்துத் தாண்டின. மலை உச்சியில் தீபம் ஏறி, ஜனம் முழுக்க அண்ணாந்து அரோகரா என்று கூவியது. கீழே கிடப்பவளை யாரும் பார்க்கவில்லை. சகாதேவன் அவள்மேல் கவிழ்ந்தான். முதுகில் ஒரு கால், கழுத்தில் ஒரு கால். நெஞ்சுக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த படம், இரண்டு உடம்புச் சூட்டில், அப்போதுதான் காய்ந்தது.

அவன் இதயம் ஒரு துடிப்பை விட்டது. அடுத்த துடிப்பு வலப்பக்கம் கேட்டது. கைக்கடிகாரம் கை மாறியது. அவன் எழுந்து அவளைத் தூக்கி நிறுத்திப் பார்த்தான். அவள் மூக்குத்தி வலது மூக்கில் இருந்தது. வகிடு, மச்சம், சிரிப்பின் கோணல் எல்லாம் அவன் கிழித்துப் போட்ட முதல் பிரிண்டில் இருந்தபடியே இருந்தன. மலை சோத்தாங்கைப் பக்கம் நின்றது. எதிரே வரும் லட்சம் பேரும்தான் தப்பான பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். இருவரும் கைகோத்து நடந்தார்கள், அதன்பிறகு யார் தோளும் அவர்கள்மேல் படவில்லை.

சகாதேவன் அலுவலகத்தில் கோப்புகளை முகக் கண்ணாடியில் பார்த்துப் படித்தே சூப்பிரண்டென்ட் ஆனான். யாஷிகாவைக் கொடுத்தபோது சர்தார் வாங்கிக்கொள்ளவில்லை; அது பீரோவின் மேல் இருந்தது. 2004 தீபத்துக்குப் பந்தோபஸ்துக்கு வந்த புதுக் காவலர் ஒருவர் எதிரே வந்த தம்பதியை மறித்து விசில் ஊதினார். பக்கத்தில் நின்ற உள்ளூர் ஏட்டு வேடியப்பன் அவர் கையை இறக்கிவிட்டு, "அவங்களுக்கு அதான் வலம். வழி வுடு," என்றார். கூட்டம் இரண்டு ஆள் அகலத்துக்கு விலகியது, அவர்கள் போனதும் மூடிக்கொண்டது.